உருகியும் உருகாமலும்: காலடிக் கவசத்தில் பாயும் மின்சாரம்

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் காலையில் சிகாமட் வட்டாரத்தை 4.1 அளவிலான நிலநடுக்கம் அசைத்தது. "தீபகற்ப மலேசியாவில் நிலநடுக்கமா?" என்று நாடே வியந்தது. கூலாயில் இருக்கும் எங்கள் வீட்டுக் கைப்பேசிகள் அன்று ஓயவில்லை. லாபிசில் இருக்கும் பெரியப்பா என்னை அழைத்து, "ஏம்மா, நீதான் மண்ணு கல்லுன்னு படிக்கிறியே, சிகாமட்டுக்கு அடியில நெருப்புக் குழம்பு கொதிக்குதாமே, உண்மையா?" என்று கேட்டார். குடும்பக் குழுவில் யாரோ அனுப்பிய படத்தில் செக்கச் சிவந்த கடல் ஒன்று நம் காலடியில் அலையடித்துக் கொண்டிருந்தது.

அந்தப் படம் தவறு. ஆயினும் பெரியப்பாவின் கேள்வி தவறன்று. சிகாமட்டுக்கு அடியில் ஒரு காலத்தில் பாறை உருகியது உண்மைதான். இன்றும் பூமியின் பல இடங்களில், ஆழத்தில், பாறை சிறிதளவு உருகிய நிலையில் இருப்பதற்குச் சான்றுகள் உள்ளன. யாரும் போய்ப் பார்க்க முடியாத அந்த ஆழத்தில் பாறை உருகியிருக்கிறதா என்பதை எப்படி அறிகிறார்கள்? அதற்கு மின்சாரம் எவ்வாறு துணை செய்கின்றது? அந்தச் சான்றை எந்த அளவுக்கு நம்பலாம்? இம்மூன்றையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிகாமட்டின் கருங்கல்

சிகாமட்டில் பசால்ட் என்னும் எரிமலைக் கருங்கல் காணப்படுகின்றது. இதன் வயதை ஆய்வாளர்கள் ஏறத்தாழ 6 கோடியே 20 லட்சம் ஆண்டுகள் எனக் கணித்துள்ளனர். குவாந்தான் பசால்ட் இதைவிட மிக இளையது. அதன் வயது ஏறத்தாழ 16 லட்சம் ஆண்டுகளே. செம்பனையும் ரப்பரும் செழிக்கும் அந்தச் செம்மண் பசால்ட் சிதைந்து உண்டானது. நம் பாட்டன்மார் கொத்திய மண்ணில் ஒரு பகுதி, முன்னொரு காலத்தில் பூமியின் கவசத்திலிருந்து உருகி மேலே வந்த பொருள் என்றால் மிகையாகாது.

கவசம் என்பது நாம் நிற்கும் புவி மேலோட்டுக்குக் கீழே, ஏறத்தாழ 2900 கிலோமீட்டர் ஆழம் வரை நீளும் பகுதி. மலாய்ப் பாடநூலில் 'மெண்டெல்' என்று படித்திருப்பீர்கள். பலர் அதைக் குழம்பு என்றே நினைக்கின்றனர். அது குழம்பன்று, திடப்பாறை. திரவத்தின் ஊடே செல்ல இயலாத நிலநடுக்க அலைகள் கவசத்தின் ஊடே தாராளமாகச் செல்கின்றன. இதுவே அதற்குச் சான்று.

அப்படியானால் பசால்ட் எங்கிருந்து வந்தது? கவசப்பாறை மெதுவாக மேலெழும்போது அதன்மீதுள்ள அழுத்தம் குறைகின்றது. அழுத்தம் குறைந்தால் உருகுநிலையும் குறையும். கேமரன் மலையில் தண்ணீர் சற்று முன்னதாகவே கொதித்து விடுவதைப் போன்றதுதான் இதுவும். புதிதாக யாரும் அடுப்பு மூட்டவில்லை. இருக்கின்ற சூடே உருக்குவதற்குப் போதுமானதாகி விடுகின்றது. நீரோ கரியமில வாயுவோ கலந்திருந்தால் உருகுநிலை இன்னும் இறங்கும்.

அப்போதும் பாறை முழுவதும் உருகாது. எளிதில் உருகும் பகுதி மட்டும் முதலில் உருகிப் படிக மணிகளின் இடுக்குகளில் கசியும். ஐஸ் கச்சாங்கை நினைத்துக் கொள்ளுங்கள். துருவிய ஐஸ் திடமாகவே இருக்கும், அதன் இடுக்குகளில் மட்டும் சிரப் ஊடுருவி நிற்கும். கவசத்தின் பகுதி உருகல் இவ்வாறானதே. ஆனால் சிரப்பின் அளவு மிக மிகக் குறைவு. நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ, சில இடங்களில் அதற்கும் கீழே. குடும்பக் குழுவில் வந்த செங்கடல் இதில் எங்குமே இல்லை.

அரிதில் கடத்தி

தமிழ்ப்பள்ளியில் மின்கலம், மின்குமிழ், இரண்டு கம்பிகளை வைத்துச் செய்த சோதனை நினைவிருக்கும். ஆணியை வைத்தால் குமிழ் எரியும், அழிப்பானை வைத்தால் எரியாது. ஆணி எளிதில் கடத்தி, அழிப்பான் அரிதில் கடத்தி. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அழிப்பான் 'பெனெபாட்' ஆனது. தடுப்பது என்பது அதன் பொருள். என்னைக் கேட்டால் தமிழ்ச்சொல்லே பொருத்தமானது என்பேன். 'அரிதில்' என்ற சொல் கதவை முழுவதும் சாத்திவிடவில்லை. கடத்தும், ஆனால் அரிதாகவே கடத்தும் என்கின்றது. கவசத்தில் நடப்பது அதுதான்.

மேல் கவசத்தில் மிகுதியாக உள்ள கனிமம் ஒலிவைன். அறை வெப்பத்தில் அது அழிப்பானைப் போன்றது. சூடு ஏற ஏற அதன் கடத்துதிறன் உயர்கின்றது. 1300 பாகை செல்சியஸ் அளவில்கூட, நீர் கலவாத ஒலிவைனின் கடத்துதிறன் மீட்டருக்கு 0.01 சீமென்ஸை எட்டுவதில்லை. உருகிய பசால்ட்டின் கதை வேறு. படிகத்தில் தத்தம் இருக்கையில் கட்டுண்டு கிடக்கும் அயனிகள், குறிப்பாகச் சோடியம், உருகியதும் நடமாடத் தொடங்குகின்றன. ஆகவே அதன் கடத்துதிறன் மீட்டருக்கு 1 முதல் 10 சீமென்ஸ் வரை எகிறுகின்றது. ஒப்பிட வேண்டுமானால், போர்ட்டிக்சன் கடல்நீரும் ஏறத்தாழ இதே அளவில்தான் மின்சாரத்தைக் கடத்தும்.

ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு இருப்பதால்தான் மின்சாரம் ஒரு துப்பறிவாளனாகப் பயன்படுகின்றது. நூற்றில் ஒரு பங்கு உருகினால் பாறையின் எடையோ நிறமோ பெரிதாக மாறிவிடாது. ஆனால் கடத்துதிறன் காட்டிக் கொடுத்துவிடும். எப்போதும் காட்டிக் கொடுக்குமா? அங்கேதான் சிக்கல்.

சீனிக் கட்டிகளும் தாமரை இலையும்

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக நிற்கும். வாழையிலையைத் துடைத்துவிட்டுத் தண்ணீர் தெளித்தால் ஓரளவு பரவி நிற்கும். உருகிய பாறையும் படிக மணிகளுக்கு இடையே இவ்விரண்டில் ஒரு வகையில் நடந்து கொள்ளலாம். முத்துகளாகத் தனித்தனியே அடைபட்டுக் கிடக்கலாம். அல்லது மணிகளின் விளிம்புகள் வழியே ஓடி ஒன்றோடொன்று கைகோத்துக் கொள்ளலாம். எந்த வகை என்பதை முடிவு செய்வது, இரண்டு படிகங்களுக்கு இடையில் உருகல் நுழையும் முனையின் கோணம். அது 60 பாகைக்குக் குறைவானால், உருகல் மிகச் சிறிதளவே இருந்தாலும் விளிம்புகள் வழியே தொடர்ச்சியான வலையாகப் பரவிவிடும். ஆய்வுக்கூடங்களில் ஒலிவைனையும் பசால்ட் உருகலையும் சேர்த்து அளந்தபோது கிடைத்த கோணங்கள் பெரும்பாலும் 20 முதல் 50 பாகைக்குள் அமைந்தன. ஆக, கவசத்தில் உருகல் கைகோத்துக் கொள்ளும் வகையைச் சேர்ந்தது.

இதனால் எவ்வளவு வேறுபாடு ஏற்படும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். படிக மணிகளைச் சீனிக் கட்டிகளாகக் கொள்வோம். திடப்பாறையின் கடத்துதிறன் 0.005, உருகலின் கடத்துதிறன் 3, உருகிய அளவு நூற்றுக்கு ஒன்று என வைத்துக் கொள்வோம். மின்சாரம் மேலிருந்து கீழே பாய்கின்றது.

முதலில், உருகல் ஒவ்வொரு கட்டியின் ஆறு முகங்களிலும் மெல்லிய படலமாகப் படிந்திருப்பதாகக் கொள்வோம். ஆறில் நான்கு முகங்கள் செங்குத்தாக நிற்கின்றன. அவையே மின்சாரத்திற்கு வழிவிடுகின்றன. மேலும் கீழும் உள்ள இரண்டு முகங்களால் பயனில்லை. ஆகவே உருகலின் மூன்றில் இரண்டு பங்கு உழைக்கின்றது. 3-ஐ 0.01 ஆல் பெருக்கி அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்தால் 0.02. பாறையின் 0.005-ஐக் கூட்ட, 0.025. அதாவது ஐந்து மடங்கு உயர்வு.

அடுத்து, உருகல் முகங்களில் படியாமல் விளிம்புகளில் மட்டும் குழாய்போல ஓடுவதாகக் கொள்வோம். பன்னிரண்டு விளிம்புகளில் நான்கே செங்குத்தானவை. மூன்றில் ஒரு பங்குதான் உழைக்கும். விடை 0.015, மூன்று மடங்கு உயர்வு.

இனி, அதே அளவு உருகல் ஒன்றோடொன்று தொடாத முத்துகளாகக் கிடந்தால்? அப்போது கடத்துதிறன் 0.00515 மட்டுமே. நூற்றுக்கு மூன்று உயர்வு. எந்தக் கருவிக்கும் எட்டாத அளவு.

உருகிய அளவு மூன்று நிலையிலும் ஒன்றேதான். மாறியது அது கிடக்கும் வடிவம் மட்டுமே. இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆழத்தில் 0.025 என்று ஓர் அளவு கிடைத்து விட்டதாக வைத்துக் கொள்வோம். படலமாக இருந்தால் உருகியது நூற்றுக்கு ஒன்று. குழாயாக இருந்தால் நூற்றுக்கு இரண்டு. ஒரே எண்ணுக்கு இரண்டு விடைகள்! இத்துறையின் பாதிச் சண்டைகள் இதில் அடங்கிவிடும்.

மின்னலும் சூரியனும் அனுப்பும் மின்சாரம்

நூறு கிலோமீட்டர் ஆழத்திற்கு யாரும் கம்பியை இறக்க முடியாது. இயற்கையே ஒரு வழியைத் தந்துள்ளது. பூமியின் காந்தப்புலம் ஓயாமல் சிறிது சிறிதாக ஆடிக்கொண்டே இருக்கின்றது. காந்தப்புலம் ஆடினால் கடத்தியில் மின்னோட்டம் தூண்டப்படும் என்பது பாரடே கண்ட உண்மை. பூமியே அந்தக் கடத்தி. தரைமேல் காந்தப்புலத்தையும் மின்புலத்தையும் ஒரே வேளையில் அளந்து ஒப்பிட்டால் கீழே உள்ளதன் கடத்துதிறனைக் கணக்கிடலாம். இம்முறையை 1950-இல் சோவியத்தின் டிகானவும் 1953-இல் பிரான்சின் கான்யாரும் தனித்தனியே எடுத்துரைத்தனர்.

எவ்வளவு ஆழம் எட்டும் என்பது ஆட்டத்தின் வேகத்தைப் பொறுத்தது. வாய்ப்பாடு எளிமையானது. பாறையின் மின்தடைத்திறனை ஓம்-மீட்டரில் எடுத்து, ஆட்டத்தின் கால அளவை நொடியில் எடுத்து, இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 500 ஆல் பெருக்கினால் மீட்டரில் ஆழம் கிடைக்கும். 100 ஓம்-மீட்டர் பாறையில் ஒரு நொடி ஆட்டம் 5 கிலோமீட்டர் வரை இறங்கும். ஆயிரம் நொடி ஆட்டம் ஏறத்தாழ 158 கிலோமீட்டர் வரை இறங்கும்.

வேகமான ஆட்டங்களுக்குக் காரணம் இடிமின்னல். உலகில் மின்னல் மிகுதியாக வெட்டும் மூன்று பகுதிகளுள் நம் தென்கிழக்காசியத் தீவுப் பகுதியும் ஒன்று. மற்ற இரண்டும் ஆப்பிரிக்காவும் தென்னமெரிக்காவும் ஆகும். ஆக, மாலை நான்கு மணிக்குக் கூலாயில் துணி காயப்போட்டவர்களை ஓடவைக்கும் மின்னல், எங்கோ ஐரோப்பாவில் புதைத்து வைத்த கருவிக்கும் வேலை கொடுக்கின்றது! ஆனால் மின்னலின் ஆட்டம் ஒரு நொடிக்கும் குறைவானது. அதனால் கவசத்தை எட்ட முடியாது. கவசத்தைத் தொட வேண்டுமானால் நிமிடக் கணக்கிலும் மணிக்கணக்கிலும் நீளும் ஆட்டங்கள் வேண்டும். அவற்றைத் தருவது சூரியக்காற்று.

ஒரே இதழில் இரண்டு தீர்ப்புகள்

கடலடிக் கவசத்தின் மென்பாறை அடுக்கில், காய்ந்த ஒலிவைனுக்கு இருக்க வேண்டியதைவிட மிகுதியான கடத்துதிறன் சில இடங்களில் அளக்கப்பட்டது. உருகல்தான் காரணம் என்று ஒரு சாரார் கூறினர். உருகவே தேவையில்லை, ஒலிவைன் படிகத்துக்குள் மிகச் சிறிதளவு நீர் கரைந்திருந்தாலே போதும் என்று மறு சாரார் கூறினர். 2006 அக்டோபரில் 'நேச்சர்' ஆய்விதழின் ஒரே இதழில், அடுத்தடுத்த பக்கங்களில், இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஜப்பானின் யோஷினோ குழுவினர் நீர் கலந்த ஒலிவைனை அளந்து, நீரால் மட்டும் இதை விளக்க இயலாது என்றனர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக் கராட்டோவின் குழுவினரும் நீர் கலந்த ஒலிவைனையே அளந்து, நீரே போதும் என்றனர். ஒரே கேள்வி, ஒரே கனிமம், ஒரே வாரம்! இரண்டு குழுவினரும் தேர்ந்தவர்கள். பட்டமளிப்புக்கு முன் ஒவ்வோர் அறிவியல் மாணவரும் இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

2008-இல் கையார் குழுவினர் மூன்றாவது வழியைக் காட்டினர். கார்பனேட் உருகல் சாதாரணப் பாறை உருகலைவிடப் பல மடங்கு கூடுதலாகக் கடத்துகின்றது. ஆகவே ஆயிரத்தில் ஒரு பங்கு கார்பனேட் உருகலே அந்த அளவுகளை விளக்கப் போதும் என்றனர். 2013-இல் நிக்கராகுவா கடலோரத்தில், கடல் தரையில் கருவிகளை வைத்து அளந்த நைஃப் குழுவினர், 45 முதல் 70 கிலோமீட்டர் ஆழத்தில் மட்டும் அமைந்த ஒரு கடத்தும் அடுக்கைக் கண்டனர். அது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் கடத்தவில்லை. கண்டத்தட்டு நகரும் திசையில் கூடுதலாகக் கடத்தியது. தட்டு நகர்கையில் உருகலை இழுத்து நீட்டியிருப்பதாகக் கொண்டால் இது பொருந்துகின்றது. ஒரு மாபெரும் தட்டு வழுக்கிச் செல்வதற்குச் சிறிதளவு உருகல் எண்ணெய் விட்டதுபோல் உதவக்கூடும் என்பதால் இக்கண்டுபிடிப்பு பெரிதும் பேசப்பட்டது.

பாக் நீரிணைக்கு அடியில்

நம் மூதாதையர் கப்பலேறிய மண்ணுக்குப் பக்கத்திலேயே இத்தகைய புதிர் ஒன்று உள்ளது. 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டி, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரிலும் திருவனந்தபுரத்திலும் காந்தப்புல ஆய்வு நிலையங்கள் அமைக்கப்பட்டன. கொடைக்கானலில் அதற்கு முன்பிருந்தே அளந்து வந்தனர். தென்முனையின் வானத்தில், நிலநடுக்கோட்டை ஒட்டி, பகல் வேளையில் ஒரு வலுவான மின்னோட்டம் ஓடுகின்றது. காந்தப்புலத்தின் செங்குத்துப் பகுதியில் தெரிந்த சில விசித்திர ஆட்டங்களுக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று எண்ண இடமிருந்தது. ஆனால் வானத்து மின்னோட்டம் ஓய்ந்த இரவிலும் அவ்வாட்டங்கள் தெரிந்தன. ஆகவே காரணம் மேலே இல்லை, கீழே இருக்க வேண்டும். 1970-களின் பிற்பகுதியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவன ஆய்வாளர்கள், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் மின்சாரத்தை ஈர்த்துச் செலுத்தும் கடத்தி ஒன்று உள்ளது என்று முன்மொழிந்தனர்.

அது என்ன? கடல்நீர் என்று சொல்லிவிடலாம். ஆனால் பாக் நீரிணை மிகவும் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல் போக முடியாத அந்த நீர் மட்டும் போதாது. இந்தியாவும் இலங்கையும் இழுபட்டு விலகிய பள்ளத்தில் படிந்த, உப்புநீர் ஊறிய தடித்த வண்டல் என்பது ஒரு விளக்கம். அடியில் கவசம் சூடேறி மேலெழுந்திருக்கலாம் என்பது மற்றொன்று. வங்கக் கடலில் பரந்து தூண்டப்படும் மின்னோட்டம் இலங்கையைச் சுற்றிச் செல்லும் வழியில் இந்த இடுக்கில் நெருக்கியடித்துப் பாய்கின்றது என்பது இன்னொன்று. உப்புநீர், சூடான பாறை, உருகிய பாறை, ஏன், பென்சில் முனையில் இருக்கும் கிராபைட்டும்கூட, தரைமேல் நிற்கும் கருவியில் ஒரே மாதிரிதான் தெரியும். எண் வரும், ஆனால் அதன் பெயர் உடன் வராது. வெப்பம், நிலநடுக்க அலையின் வேகம், பாறையின் வரலாறு ஆகிய மற்றச் சாட்சிகளையும் கூப்பிட்டு விசாரித்த பிறகே உருகல் என்று சொல்ல முடியும்.

பெரியப்பாவுக்கும் இதையே சொன்னேன். அந்த நிலநடுக்கம் மேலோட்டுக்குள், ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில் ஏற்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கவசம் அதற்கும் வெகு கீழே, 30 கிலோமீட்டர் அளவில்தான் தொடங்குகின்றது. பழைய பிளவு ஒன்று அசைந்தால் நிலம் நடுங்கும், அதற்கு உருகல் தேவையில்லை. சிகாமட் பசால்ட்டோ ஆறி 6 கோடி ஆண்டுகளாகின்றன. "அப்ப கொதிக்கலேங்கிற?" என்றார். மேலோட்டில் கொதிக்கவில்லை, கவசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அளந்து பார்க்க வேண்டும் என்றேன்.

ஜொகூரில் அளப்பது இன்று எளிதன்று. மின்சாரம் இருக்கும் இடத்தில் இயற்கையின் மெல்லிய மின்சாரம் காதில் விழாது. பம்பாயில் டிராம் வண்டிகள் மின்சாரத்தில் ஓடவிருந்த காரணத்தால், கொலாபாவில் இருந்த காந்தப்புல ஆய்வு நிலையத்தை 1904-இல் அலிபாக்கிற்கே மாற்றிவிட்டார்கள். நம் ஊரில் கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை மின்சார இரட்டைத் தண்டவாளம் சிகாமட், கூலாய் வழியாகச் செல்கின்றது. செடெனாக்கில் தரவு மையங்கள் அணிவகுத்து நிற்கின்றன. அமைதியான இடம் வேண்டுமானால் எண்டாவ் ரொம்பின் காட்டுப் பக்கம்தான் போக வேண்டும். நான்கு மின்முனைகளை ஐம்பது அல்லது நூறு மீட்டர் இடைவெளியில் புதைத்து, காந்தமானியை வெயில் படாமல் குழிக்குள் இறக்கி, மழைக்கும் கறையானுக்கும் காத்து, வாரக்கணக்கில் விட்டுவைக்க வேண்டும். காட்டு யானைகள் கம்பியைப் பிடுங்காமல் இருந்தால், ஆயிரம் நொடி ஆட்டங்கள் போதுமான அளவு பதிவாகிவிடும்.